பாலும் சீனியும் இல்லாத தேநீர்: ஜொகூர் பாருவின் தேயிலைக் கடைக்குள் நுழைந்தால்...

ஜொகூர் பாருவில் தேநீர் கேட்பதற்கு ஒரு தனி அகராதியே இருக்கிறது. தே தாரிக், தே ஓ, தே சி, தே ஹாலியா, தே ஓ கோசோங், தே ஓ ஐஸ் லீமாவ். விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதல், இரவுக் காற்பந்து பார்த்துவிட்டுக் கலைகிறவர்கள் வரை, மாமாக் கடை மேசையில் இந்தச் சொற்களைத் தினமும் உச்சரிக்கிறார்கள். ஆனால் இத்தனை பெயர்களுக்கும் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஒரே பொருள்தான்: துணி வடிகட்டியில் கொட்டி, கொதிநீர் ஊற்றி, கறுக்கக் கறுக்க இறக்கிய தேயிலைத் தூள். மாறுவதெல்லாம் அதில் சேரும் பாலும் சீனியும் இஞ்சியும் எலுமிச்சையும்தான்.

தேயிலையின் சுவை எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே நம்மில் பலர் வாழ்நாள் முழுவதும் தேநீர் குடித்து வருகிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஜாலான் உங்கு புவானில் இருக்கும் அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்திலிருந்து சில நிமிட நடை தூரத்தில் வேறொரு தேநீர் உலகம் இருக்கிறது. ஜாலான் துருசில் பழைய சீன ஆலயமும் சீக்கியர்களின் குருத்வாராவும் உள்ளன. அதைத் தாண்டினால் ஜாலான் தான் ஹியோக் நீ. பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும் இந்தத் தெரு இப்போது காப்பிக் கடைகளுக்கும் ரொட்டிக் கடைக்கும் சுற்றுப்பயணிகளின் படங்களுக்கும் பேர் பெற்றது. தெருவுக்குப் பெயர் தந்த தான் ஹியோக் நீ, 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரில் கம்பீரும் மிளகும் பயிரிட்டுச் செல்வம் சேர்த்த தியோச்சூ சீனர்களின் தலைவர். கம்பீர் என்பது நம் பாட்டிமார் வெற்றிலையோடு மென்ற காசுக்கட்டிக்கு நெருங்கிய சரக்கு. ஜொகூரின் பழைய பொருளாதாரத்தில் பெரும்பகுதி இந்தச் செடியின் மேல்தான் நின்றது.

தியோச்சூ மக்களின் பூர்வீகமான சாவ்சோ வட்டாரத்தில் தேநீர் அருந்துவது ஒரு கலை. கைக்குள் அடங்கும் சிறிய பானை, அதைவிடச் சிறிய கிண்ணங்கள், நிறைய இலை, கொஞ்சம் நீர், சில விநாடிகளில் வடித்து ஊற்றுதல் என்ற அந்த முறையைக் 'கொங்ஃபூ தேநீர்' என்பார்கள். கொங்ஃபூ என்றால் இங்கே சண்டைக்கலை அன்று. பொறுமையோடு பழகிப் பெற்ற கைத்திறன் என்று பொருள். தியோச்சூ மக்கள் பெருமளவில் குடியேறிய நகரம் என்பதால், ஜொகூர் பாருவில் இந்தப் பழக்கம் புதிதாக வந்த நாகரிகம் அல்ல. தேயிலையை மட்டுமே விற்கும் சிறப்புக் கடைகள் நம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், அவை நமக்கானவை அல்ல என்று நாமே முடிவு செய்துகொண்டதுதான்.

அப்படி ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். விலைப்பட்டியலுடன் யாரும் ஓடி வர மாட்டார்கள். சுவரெங்கும் தகர டப்பாக்கள், மண் ஜாடிகள், காகிதத்தில் சுற்றிய வட்டமான தேயிலை வில்லைகள். நடுவில் நீர் வடியும் பலகை வைத்த மேசை. பல கடைகளில் வாங்குவதற்கு முன் அந்த மேசையில் உட்கார வைத்து இரண்டு மூன்று வகைகளைக் காய்ச்சிக் கொடுப்பார்கள். சுவைத்துப் பார்ப்பதாலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. கிண்ணத்தில் ஊற்றும்போது எதிரே இருப்பவர் மேசையை இரு விரல்களால் மெல்லத் தட்டினால், அது அவசரப்படுத்துவது அல்ல, நன்றி சொல்வது. புதியவர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு.

முதல் முறை போகிறவர்கள் எந்தத் தேயிலையைக் கேட்பது? பச்சைத் தேயிலையையோ மல்லிகை மணம் சேர்த்ததையோ கேட்பதுதான் வழக்கம். ஆனால் ஒரு மலேசியத் தமிழருக்கு, கேட்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: லியூ பாவ்.

லியூ பாவ், தென் சீனாவின் குவாங்சி மாநிலத்தில் ஊசோ நகரை ஒட்டிய ஒரு சிற்றூரின் பெயர். அங்கே விளையும் தேயிலைக்கும் அதே பெயர். பறித்த இலையை வாட்டி, சுருட்டி, குவித்து வைத்து நுண்ணுயிர்களால் நொதிக்க விடுவார்கள். பின்னர் ஆவியில் இளக்கி, மூங்கில் கூடைகளில் அழுத்தி அடைத்து, ஆண்டுக்கணக்கில் முதிர விடுவார்கள். நாம் அன்றாடம் குடிக்கும் கறுப்புத் தேயிலையையும் 'நொதித்தது' என்று சொல்வது உண்டு. உண்மையில் அது நொதிப்பதில்லை. நறுக்கி வைத்த வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பது போன்ற மாற்றம்தான் அதில் நடக்கிறது. லியூ பாவில் நடப்பது தோசை மாவு புளிப்பதைப் போன்ற விவகாரம். உயிருள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. யுன்னான் மாநிலத்தின் பூ ஏர் தேயிலையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தத் தேயிலை மலாயாவுக்கு வந்தது ஈயச் சுரங்கங்களின் காரணமாக. கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் முழங்கால் அளவு நீரில் நின்று ஈயம் அலசிய சீனத் தொழிலாளர்களுக்கு, சுரங்க முதலாளிகள் பெரிய பானைகளில் காய்ச்சி வைத்தது லியூ பாவ். விலை மலிவு, நாள்பட்டாலும் கெடாது, வயிற்றுக்கு இதம், வெப்பத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கை; இவையே காரணம். ஜொகூரில் ஈயத்தைவிடத் தோட்டங்களே அதிகம் என்றாலும், கடைகளின் வழியாக அது இங்கும் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் கூலிகளின் பானம். இன்று? மலேசியக் கிடங்குகளில் பல பத்தாண்டுகள் கிடந்த பழைய லியூ பாவைச் சீனாவிலிருந்தே வியாபாரிகள் வந்து தேடி வாங்கிப் போகிறார்கள். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இந்த இலையை விரைவாக முதிரச் செய்கின்றன என்பதால், 'மலேசியாவில் முதிர்ந்தது' என்பதே ஒரு தகுதிச் சொல்லாகிவிட்டது. 2022 நவம்பரில் சீனாவின் பாரம்பரியத் தேயிலைத் தயாரிப்பு முறைகளை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, அதில் லியூ பாவும் சாவ்சோவின் கொங்ஃபூ முறையும் இடம்பெற்றன.

இதில் நமக்கென்ன? சுவைத்துப் பார்த்தால் தெரியும். நல்ல லியூ பாவின் அடையாளமாகச் சீனர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது 'பாக்கு மணம்'. ஆம், வெற்றிலை பாக்கில் வரும் அதே பாக்கு. தாம்பூலத் தட்டைத் திறந்ததும் எழும் அந்த உலர்ந்த, லேசாகத் துவர்க்கும், மரத்தையும் மண்ணையும் நினைவூட்டும் வாசனை. கல்யாண வீட்டிலும் கோயிலிலும் அந்த வாசனையோடு வளர்ந்த ஒருவருக்கு, இந்தத் தேநீரை அறிமுகப்படுத்த நீண்ட விளக்கம் தேவையில்லை. நீரின் நிறம் செங்கல் சிவப்பு. முதல் மிடறில் கசப்பு எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வழவழப்பும், விழுங்கிய பின் தொண்டையில் மெல்ல ஊறும் ஒரு இனிப்பும்தான் மிஞ்சும். பால் சேர்த்தால் இது கெட்டுவிடும். சீனி சேர்க்கத் தோன்றாது.

எல்லாக் கடையிலும் எல்லா லியூ பாவும் இப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சரியாகக் காற்றோட்டம் இல்லாத இடத்தில் கிடந்தது பூசணம் பிடித்த துணி போல நாறும். மழை பெய்த மண்ணின் மணம் வேறு, பூசண நெடி வேறு. மூக்கு இந்த வேறுபாட்டை ஒரே முறையில் கற்றுக்கொள்ளும்.

'தே' என்ற சொல்லுக்கே வருவோம். அது தென் சீனாவின் ஹொக்கியன் வழக்கிலிருந்து கிளம்பிய சொல். கடல் வழியாகத் தேயிலை போன ஊர்களில் எல்லாம் 'தே' பரவியது: மலாயில் 'தெ', டச்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் அதன் சாயல்கள். தரை வழியாகப் போன இடங்களில் 'சா' பரவியது. இந்தியின் 'சாய்', மலையாளத்தின் 'சாயா' இந்தக் கிளை. தமிழில் நாம் சொல்லும் தேயிலை, தேநீர், தேத்தண்ணி மூன்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஹொக்கியன் 'தே'தான். சொல் சீனத்திலிருந்து வந்தது. இலையைப் பறித்த கை பெரும்பாலும் தமிழருடையது.

இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் காப்பிச் செடிகளை நோய் அழித்தபோது, மலையகம் முழுவதும் தேயிலையாக மாறியது. அந்த மலைகளில் கொழுந்து பறிக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே இன்றும் அங்கு பறிக்கிறார்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் அதே கதை. நம் நாட்டில் கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனம் வந்தது. அங்கும் தொடக்கக் காலத்தில் கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள்.

இத்தனை தலைமுறையாகத் தேயிலையோடு புழங்கிய சமூகத்திற்குக் குடிக்கக் கிடைத்தது எது என்று கேட்டால், பதில் கொஞ்சம் கசப்பானது. தொழிற்சாலையில் தேயிலையைச் சலிக்கும்போது முழு இலை மேலே நிற்கும், உடைந்த இலை அடுத்த சல்லடையில், துகள் அதற்கும் கீழே, கடைசியாக விழுவது தூள். முழு இலையும் நல்ல உடைந்த இலையும் லண்டன் ஏலத்துக்குப் போயின. கீழே விழுந்தது மலிவாக உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது. பின்னர் 1930களில் அசாமில், பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திர முறை உருவானது. சிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையில் வரும் சின்னச் சின்ன உருண்டைகள் விரைவாகச் சாயம் இறங்கும். பாலை மீறித் தெரியும். ஒரு கிலோவுக்கு அதிகக் குவளைகள் தரும். தே தாரிக்கும் இந்தியாவின் மசாலா சாயும் இத்தகைய துகளையும் தூளையும் நம்பியே நிற்கின்றன.

தூள் மட்டமானது என்று இதற்குப் பொருள் இல்லை. நல்ல தே தாரிக்குக்கு முழு இலை உதவாது. அது பாலில் காணாமல் போய்விடும். இரண்டு குவளைகளுக்கிடையே இழுத்து ஆற்றி நுரை எழுப்பும் அந்தக் கலையைத் தென்னிந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் இந்த மண்ணில் வளர்த்தெடுத்தார்கள். 2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியர்களின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ அங்கீகரித்ததில் நமக்கும் பெருமைதான். வம்பு தேயிலையில் இல்லை. அதோடு சேர்ந்து உள்ளே போவதில் இருக்கிறது.

இனிப்பான டின் பாலில் பாதிக்கும் மேல் சீனி. பல டின்களின் மேல் 'கிரீமர் மானிஸ்' என்று எழுதியிருப்பதைக் கவனித்தால், அது முழுக்கப் பசும்பால் அல்ல, பனை எண்ணெயும் சேர்ந்தது என்பதும் தெரியவரும். ஒரு மேசைக்கரண்டி டின் பால் சுமார் 20 கிராம். அதில் ஏறக்குறைய 11 கிராம் சீனி. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தாலும் 22 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வைத்திருக்கவும், முடிந்தால் 25 கிராமுக்குள் குறைக்கவும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பசியாறும்போது ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, இரவு நண்பர்களோடு ஒன்று என்று குடிப்பவர் 66 கிராமை எட்டிவிடுகிறார். அதுவும் வேறு எந்த இனிப்பும் தொடாமல்.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார நோய் ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. டயாலிசிஸ் மையத்தில் உறவினர் ஒருவர் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. போத்தலில் அடைத்த இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் சீனி வரி விதிக்கிறது. கடையில் கலந்து தரும் குவளைக்கு அந்த வரி கிடையாது.

மருத்துவர் 'சீனியை நிறுத்துங்கள்' என்றதும் நம்மவர்கள் செய்வது, அதே தூளைப் பாலும் சீனியும் இல்லாமல் 'தே ஓ கோசோங்' என்று கேட்பது. கடுமையாகக் காய்ச்சி இறக்கிய தூளை வெறுமனே குடித்தால் அது தண்டனைதான். மூன்றாம் நாள் மறுபடி டின் பாலுக்குத் திரும்பிவிடுவார்கள். சீனி இல்லாமல் குடிப்பதற்கென்றே உருவான தேயிலைகள் வேறு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஒரு தேயிலைக் கடைக்குப் போய் வருவதன் உண்மையான பயன் இங்கேதான்.

'விலை கட்டுப்படியாகுமா?' என்பது நியாயமான கேள்வி. பழைய லியூ பாவின் விலை தலைசுற்ற வைக்கும். ஆனால் சில ஆண்டுகளே ஆன சாதாரண வகை அப்படியல்ல. நூறு கிராம் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 5 கிராம், அதாவது 3 ரிங்கிட். அந்த 5 கிராமுக்கு 150 மில்லிலிட்டர் வீதம் ஆறேழு முறை நீர் ஊற்றலாம். மொத்தம் ஒரு லிட்டர். வீட்டில் மூன்று பேருக்குப் போதும். மாமாக் கடையில் மூன்று தே தாரிக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்த ஊர் இலை, எந்த ஆண்டு, எங்கே சேமித்தது, 25 அல்லது 50 கிராம் மட்டும் தருவார்களா? 'முப்பது ஆண்டுப் பழசு' என்று சொல்லப்படுவதை வாங்குபவர் சரிபார்க்க எளிய வழி எதுவும் இல்லை. ஆகவே ஆண்டுக்குக் காசு கொடுப்பதைவிட நாக்குக்குப் பிடித்ததற்குக் கொடுப்பது நல்லது. உடல் இளைக்கும், இனிப்பு நீர் குணமாகும் என்று சொல்லி விற்கப்படும் தேநீர்ப் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். சீனி சேர்க்காத தேநீர் சீனி சேர்த்ததற்கு நல்ல மாற்று. மருந்துக்கு மாற்று அன்று.

வீட்டில் காய்ச்சச் சிறப்புப் பாத்திரம் எதுவும் வேண்டாம். மூடியுள்ள பீங்கான் குவளையும் ஒரு வடிகட்டியும் போதும். லியூ பாவுக்கு நன்றாகக் கொதித்த நீர் வேண்டும். முதலில் ஊற்றிய நீரைச் சில விநாடிகளில் கொட்டிவிட வேண்டும். அரிசி களைவது போல. பிறகு 10, 15 விநாடிகளில் வடித்து, அடுத்தடுத்த ஊற்றுகளுக்கு நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டே போகலாம். பச்சைத் தேயிலை என்றால் கொதிநீர் கூடாது. 70, 80 டிகிரி வரை ஆறவிட்டு ஊற்ற வேண்டும். பச்சைத் தேயிலை கசக்கிறது என்று புகார் சொல்பவர்கள் பலர் செய்யும் தவறு இது ஒன்றே.

சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதை, குறிப்பாகச் சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும், தவிர்க்க வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. ஒரு மணி நேர இடைவெளி போதுமானது. இது பால் கலந்த தே தாரிக்குக்கும் பொருந்தும். இரவில் தூக்கம் வராதவர்கள் மாலைக்குப் பிறகு எந்தத் தேநீரையும் தள்ளி வைப்பது நல்லது.

சீனத் தேயிலையில் மனம் ஒட்டாதவர்களுக்கு இன்னொரு வழி: நுவரெலியா, ஊவா, நீலகிரி ஆகியவற்றின் முழு இலைத் தேயிலைகள். தூளாக்காமல் சுருட்டிக் காயவைத்த இவற்றை மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்தால், நாம் 'டீ' என்று பழகிய அதே பொருளின் வேறொரு முகம் தெரியும்; நுவரெலியா இலையில் பூ மணம், ஊவாவில் லேசான குளிர்ச்சி. கடும் சாயத்தை விரும்புகிறவர்கள் யாழ்ப்பாணத்தார் போல ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீரை உறிஞ்சலாம். அங்கேயும் சீனி இருக்கிறதுதான். ஆனால் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

வாங்கிய இலையை மண் ஜாடியிலோ வெளிச்சம் புகாத டப்பாவிலோ வைக்க வேண்டும், ஈரம் படாமல். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். நம் வீட்டுச் சமையலறையில் முக்கியமான ஓர் எச்சரிக்கை: மிளகாய்த் தூள், சீரகம், கருவாடு இருக்கும் அலமாரியில் வைக்கக் கூடாது. தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பாக்கு மணம் தேடி வாங்கியது ஒரே வாரத்தில் மீன் கறி மசாலா மணக்கும்.